ஏழு கல்லுன்னாலே மேரியோ இசட்டா? யாருய்யா சொன்னது?

செல்லூர்_டிவிகேம்:
நம்ம ஒத்தக்கடை தம்பி பண்ற கிராஸ்ஓவர் தொடர்ல புது எபிசோடு வந்துருச்சு. பாக்காதவங்களுக்கு: மேரியோ, சாமுஸ், மெகாமேன்னு வேற வேற வீடியோ கேம் ஆளுங்க மூணு பேரும் மதுரைக்குள்ள வந்து சிக்கிக்கிறாய்ங்க. திரும்பிப் போகணும்னா யானைமலை, திருப்பரங்குன்றம், அழகர்மலைன்னு அங்கங்க ஒளிச்சு வச்ச ஏழு கல்லத் தேடிப் புடிக்கணும். தெப்பக்குளத்து மைய மண்டபத்த ஸ்பிரைட்டா, அதான் கேம்ல வர்ற பிக்சல் படமா, அடிச்சிருக்கான் பாருங்க, அம்புட்டு அழகு.

அதுக்குக் கீழ ஒரு அறிவாளி வந்து கமென்ட் போட்டுருக்காரு: "நல்லாருக்கு. ஆனா ஏழு கல்லு மேட்டர் சூப்பர் மேரியோ பிரதர்ஸ் இசட்டுங்கிற ஃபேன் அனிமேஷன் தொடர்ல இருந்து அப்படியே சுட்டது. கிரெடிட் குடுத்திருக்கலாம்." அதுக்கு லைக் வேற விழுந்திருக்கு.

ரெண்டு கேம் கேரக்டர் பக்கத்துல பக்கத்துல நின்னாலே மேரியோ இசட்டா? கமென்ட் போட்டவரு இங்கதான் சுத்திக்கிட்டு இருக்காரு. பேரச் சொல்ல மாட்டேன். கோகு படத்த டிபியா வச்சிருப்பாரு.

கோரிப்பாளையம்_கோகு:
பேரச் சொல்லாம விட்டதுக்கு நன்றி பங்கு. நான்தான் போட்டேன், இப்பவும் அதையேதான் சொல்றேன். மேரியோ இசட் 2006ல நியூகிரவுண்ட்ஸ் வெப்சைட்ல வந்துச்சு. மேரியோவும் சோனிக்கும் ஒரே கதையில. மெக்கா சோனிக்னு ஒரு வில்லன் ரோபோ, கேயாஸ் எமரால்டுங்கிற சக்திக் கல்லத் தேடி அலையும். எமரால்டு எத்தன? ஏழு. தம்பி தொடர்ல கல்லு எத்தன? ஏழு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும், நோட்டரி கையெழுத்தா?

செல்லூர்_டிவிகேம்:
அந்த எமரால்டு மேரியோ இசட்டுக்காரரு வீட்டுத் தோட்டத்துல வெளஞ்சதா? சோனிக் கேம்ல இருந்ததய்யா அது. சோனிக் 2, 1992. ஏழு எமரால்டு அதுல இருக்கு. அவரே இன்னொருத்தர் வீட்டுல இருந்து எடுத்து வச்சிருக்காரு, நீ அவருக்கு கிரெடிட் கேக்குற.

கோரிப்பாளையம்_கோகு:
கேம்ல இருக்குறது வேற, கேரக்டர்கள ஒண்ணா சேத்து அதத் தேட வைக்கிறது வேற. தேடுற கதை மேரியோ இசட்டோடது. ஏழு கல்லு. தேடல். சண்டை. கடைசில ஒளி வந்து மஞ்சளா மாறுறது. தம்பி தொடர்ல கடைசி எபிசோட்ல மெகாமேன் என்ன கலர்ல நிக்கிறான்? மஞ்சள்.

மேலூர்_மௌனி:
ஒரு சின்ன விஷயம். மொதல்ல சுட்டதுன்னா என்ன, பாதிப்புன்னா என்னன்னு பிரிச்சுப் பேசிக்கிட்டா சுலபமா இருக்கும்ல?

திருமங்கலம்_ரெண்டாவதுபிளேயர்:
பேருக்கேத்த மாதிரியே இருந்திருக்கலாம் அண்ணே நீங்க.

பழைய_கேசட்:
தம்பிகளா, கொஞ்சம் தள்ளி உக்காருங்க. சோனிக் 2, மேரியோ இசட்டுன்னு நேத்து முளைச்சத வச்சுக்கிட்டு அடிச்சுக்கிறீங்க.

1991ல வந்த மொத சோனிக் கேம்ல எமரால்டு ஏழு இல்ல, ஆறு. சுத்திக்கிட்டே இருக்குற ஸ்பெஷல் ஸ்டேஜுக்குள்ள போய் எடுக்கணும். அடுத்த வருசம் சோனிக் 2ல தான் அது ஏழாச்சு. ஏழையும் எடுத்து, கையில 50 ரிங் இருக்கும்போது ஒரு ஜம்ப் அடிச்சா சூப்பர் சோனிக். உடம்பு மஞ்சளாகும், முள்ளெல்லாம் மேல தூக்கி நிக்கும், செகண்டுக்கு ஒரு ரிங் கரஞ்சுக்கிட்டே போகும். ஆறு ஏன் ஏழாச்சு? நீலம் ஏன் மஞ்சளாச்சு? முடி ஏன் தூக்கிச்சு? அதுக்கு முந்தின வருசந்தான் ஜப்பான்ல டிராகன் பால் ஹீரோ கோகு மொத மொதல்ல, முடி தூக்கி மஞ்சளாகுற சூப்பர் சயானா மாறுனாரு. யோசிங்க.

ஏழு உருண்டைய சேத்தா வரம் கிடைக்கும்ங்கிற அந்த டிராகன் பால் கதைய அகிரா டோரியாமா 1984ல காமிக்ஸா ஆரம்பிச்சாரு. மேரியோ இசட் பேருல இருக்குற இசட்டே எங்கருந்து வந்துச்சு? டிராகன் பால் இசட்ல இருந்து. ஒளிவு மறைவே கிடையாது. அப்ப கிரெடிட் யாருக்குப் போகணும்? கோகு படத்த டிபியா வச்சிருக்கிற தம்பிக்கே இது தெரியலங்கிறதுதான் எனக்கு வருத்தம்.

திருமங்கலம்_ரெண்டாவதுபிளேயர்:
செம. கோகு டிபி வச்சவரு கோகுவுக்கு எதிரா வாதாடிக்கிட்டு இருக்காரு.

கோரிப்பாளையம்_கோகு:
அண்ணே, எனக்கு டிராகன் பால் சொல்லித் தராதீங்க. கார்ட்டூன் நெட்வொர்க்ல வந்தப்ப ஸ்கூல் பைய கழட்டாம உக்காந்து பாத்தவன் நான். டிராகன் பால்ல இருக்குறது உருண்டை. உள்ள நட்சத்திரம் இருக்கும். தம்பி தொடர்ல இருக்குறது கல்லு. எமரால்டுன்னா என்ன? மரகதம். மரகதம் கல்லா உருண்டையா? அவ்வளவுதான். ஏழு கல்லு.

பொன்னி_பிக்சல்:
கல்லு கல்லுங்கிறீங்களே, யாராச்சும் வீடியோவ நிறுத்தி அந்தக் கல்லப் பாத்தீங்களா? நான் ஸ்பிரைட் அடிக்கிறவ, ஜூம் பண்ணிப் பாத்தேன். எட்டுக்கு எட்டு பிக்சல். சாம்பல்ல மூணு ஷேடு. மேல இடது மூலையில ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி, அதுகூட பளபளப்பு இல்ல, தேஞ்ச கல்லுல வெயில் பட்டா தெரியுற மாதிரி. ஓரம் ஒரு பக்கம் நெளிஞ்சிருக்கு. எமரால்டு ஸ்பிரைட்டுன்னா பட்டை தீட்டுன மாதிரி கோணம் கோணமா இருக்கும், ஒவ்வொண்ணும் ஒரு கலர். இங்க ஏழும் சாம்பல். கண்ணு தெரியாம கேஸ் போடாதீங்க.

கோரிப்பாளையம்_கோகு:
கலர மாத்துனா போதுமா? திருட்டு வண்டிக்குப் பெயின்ட் அடிக்கிறவனும் அதத்தான் பண்றான். எண்ணிக்கை ஏழு.

பொன்னி_பிக்சல்:
வாரத்துல நாள் ஏழு, அதுவும் மேரியோ இசட்ல இருந்து சுட்டதா?

செல்லூர்_டிவிகேம்:
பொன்னியக்கா, வாங்க வாங்க. இதத்தான் நான் மொதல்ல இருந்து சொல்றேன்.

பழைய_கேசட்:
நீ சொன்னது சோனிக் 2 தம்பி. அக்கா சொல்றது வேற. அங்குட்டும் இங்குட்டும் தாவாத.

பேச்ச முடிச்சிட்டுப் போறேன். அந்த டிராகன் பால்கூட டோரியாமாவோட சொந்தச் சரக்கு இல்ல. ஜப்பான்ல 1814ல இருந்து 1842 வரைக்கும் 106 தொகுதியா வந்த பழைய நாவல் ஒண்ணு உண்டு, ஹக்கென்டென்னு சொல்வாங்க. பாக்கின்னு ஒருத்தர் எழுதுனது. எட்டு ஜெபமாலை மணி, எட்டு வீரங்க, தேடிக் கண்டுபிடிச்சு ஒண்ணு சேரணும். அதே எட்டு வச்சா ஒரே மாதிரி ஆயிரும்னு தான் டோரியாமா ஏழாக்குனாரு. அவரே சொன்னது. எட்டு ஏழாச்சு, ஆறு ஏழாச்சு. எல்லாரும் ஏழுல வந்து நிக்கிறாய்ங்க. இந்த வரலாறு தெரியாம ஒரு சின்னப் பையன் வீடியோவுக்குக் கீழ போய் கிரெடிட் கேக்குறது சலம்பல் இல்லாம வேற என்ன?

அந்த மஞ்சளையும் கேளுங்க. சூப்பர் சயான் முடி ஏன் வெள்ளையா இருக்கு மாங்காங்கிற ஜப்பான் காமிக்ஸ்ல? கோகுவோட கருப்பு முடிய மை வச்சு அடைக்கவே உதவியாளருக்கு நேரம் போயிருச்சாம். வேலை மிச்சம்னு வெத்தாவே விட்டாரு. டிவியில கலர் அடிக்கும்போது அது மஞ்சளாச்சு. சோம்பேறித்தனத்துல வந்த கலருக்கு உரிமை கொண்டாடுறீங்க.

திருமங்கலம்_ரெண்டாவதுபிளேயர்:
"பேச்ச முடிச்சிட்டுப் போறேன்"னு சொல்லிட்டு மூணு பாரா. அண்ணன் முடிக்கிறதுன்னா இப்படித்தான்.

கோரிப்பாளையம்_கோகு:
வரலாறெல்லாம் ஓகே அண்ணே. ஒத்தக்கடை தம்பி அந்த 106 தொகுதியப் படிச்சிட்டா தொடர் எடுத்தான்? மேரியோ இசட்டப் பாத்துட்டு எடுத்தான். எதப் பாத்தானோ அதுக்குத்தான் கிரெடிட். தாத்தாவோட தாத்தா யாருன்னு கேக்கல நான்.

செல்லூர்_டிவிகேம்:
பாத்தான்னு நீ பாத்தியா?

கோரிப்பாளையம்_கோகு:
பாக்காதவன் இருக்கானா? ஸ்பிரைட் அனிமேஷன் பண்றவன் மேரியோ இசட் பாக்கலன்னு சொன்னா அத நான் நம்பணுமா? தம்பியோட மேரியோ ஸ்பிரைட்டு எதுல இருந்து எடுத்தது? கேம்பாய் அட்வான்ஸ்ல வந்த சூப்பர்ஸ்டார் சாகாங்கிற மேரியோ கேம், 2003. மேரியோ இசட்லயும் அதே.

பொன்னி_பிக்சல்:
மேரியோவ நாலு பக்கமும் திருப்பி, குதிக்க வச்சு, சுத்தியல் அடிக்க வச்சு அம்புட்டு போஸ் இருக்குற ஸ்பிரைட் ஷீட்டு அதுதான். வேற எத எடுப்பாய்ங்க? காண்ட்ரா கேம்ல வர்ற பில்லோட ரெண்டு ஃபிரேம வச்சுக்கிட்டு கதை சொல்ல முடியுமா?

அமெரிக்கன்காலேஜ்_ஸ்மாஷ்:
எல்லாரும் தப்பு. கிராஸ்ஓவர் கதைன்னா அதுக்கு அம்மா மேரியோ கம்பெனி நிண்டெண்டோ விட்ட ஸ்மாஷ் பிரதர்ஸ் பிரால்ங்கிற சண்டை கேம். அதுல வர்ற சப்ஸ்பேஸ் எமிசரிங்கிற கதை மோடு. எல்லா கேரக்டரையும் ஒரே கதையில கோர்த்தது அதுதான். மேரியோ இசட்டே அதப் பாத்துட்டு எடுத்ததுதானே.

செல்லூர்_டிவிகேம்:
பிரால் வந்தது 2008. மேரியோ இசட் 2006. எதிர்காலத்தப் பாத்துட்டு எடுத்தாரா?

கோரிப்பாளையம்_கோகு:
ஆகா, இப்ப யாரு மேரியோ இசட்டுக்கு வக்காலத்து வாங்குறது? நான் சொன்னத நீயே ஒத்துக்கிட்ட.

செல்லூர்_டிவிகேம்:
தேதியச் சொன்னா ஒத்துக்கிட்டதாய்யா?

அமெரிக்கன்காலேஜ்_ஸ்மாஷ்:
பிரால் இல்லன்னா மெலீ, 2001. ஸ்மாஷ் ஒண்ணாவது பார்ட் 1999. எப்படிப் பாத்தாலும் ஸ்மாஷ்தான் முன்னாடி.

பழைய_கேசட்:
ஸ்மாஷ் முன்னாடியா? 1994ல கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ். எஸ்என்கே கம்பெனி அவங்களோட ஃபேட்டல் ஃபியூரி, ஆர்ட் ஆஃப் ஃபைட்டிங் ஆளுங்கள எல்லாம் ஒரே மெஷின்ல இறக்குனாங்க. 1996ல எக்ஸ்மென் வெர்சஸ் ஸ்ட்ரீட் ஃபைட்டர். அதுக்கெல்லாம் முன்னாடி 1988ல கொனாமி கம்பெனி வாய் வாய் வேர்ல்டுன்னு ஒரு கேம ஃபேமிகாம் பெட்டியில விட்டுச்சு, கிங் காங்கே வருவாரு அதுல. ஸ்மாஷ் பண்ண உங்க சகுராய் 1999ல கொண்டு வந்தது நாலு பேர் ஒரே ஸ்கிரீன்ல தள்ளிவிட்டு விளையாடுறது. அத நான் குறைச்சுச் சொல்லல. ஆனா "அம்மா"ன்னு சொல்லாதீங்க, எங்களுக்கெல்லாம் வயசாயிரும்.

ஃபேன் பண்றதுன்னு பாத்தாலும் சொந்தமா சண்டை கேம் பண்ற மியூஜென் எஞ்சின் 1999லயே வந்தாச்சு. எலெக்பைட் விட்டது, காசு கிடையாது. நோட்பேட திறந்து நாலு நம்பர மாத்துனா ரியூவும் மேரியோவும் அடிச்சுக்குவாய்ங்க. எங்க செட்டு பிரவுசிங் சென்டர்ல மணிக்கணக்குல காசு குடுத்து டவுன்லோடு போட்டு, ஃபிளாப்பில பிச்சுப் பிச்சு வீட்டுக்குக் கொண்டு போவோம். கடையில காயின் போட்டு முஸ்தபா கேம் ஆடுன தலைமுறை நாங்க. எங்ககிட்ட வந்து ஒரிஜினல் பேசுறீங்க.

திருமங்கலம்_ரெண்டாவதுபிளேயர்:
முஸ்தபா ஆடும்போது பக்கத்து ஆளோட பட்டன அமுக்கி விடுறவரு அண்ணன்தான்னு கேள்விப்பட்டேன்.

பழைய_கேசட்:
யாரு சொன்னது? பேரச் சொல்லு.

ஒத்தக்கடை_ஸ்பிரைட்:
அண்ணே, அக்கா எல்லாருக்கும் வணக்கம். தொடர் எடுக்குறவன் நான்தான். இம்புட்டு பேரு பேசுறீங்க, சந்தோசம். ஆனா யாருமே என்கிட்ட கேக்கல.

அது ஏழாங்கல்லு. எங்க அப்பத்தா திண்ணையில உக்காந்து ஆடும். ஒண்ண மேல தூக்கிப் போட்டு, அது கீழ வர்றதுக்குள்ள தரையில இருக்குறத அள்ளிப் புடிக்கணும். மொதல்ல ஒவ்வொண்ணா, அப்புறம் ரெண்டு ரெண்டா, மூணு மூணா. மூணாவது எபிசோட்ல சாமுஸ் கல்லப் புடிக்கிற ஃபிரேமப் பாருங்க, உள்ளங்கை கீழ பாத்து வந்து அப்படியே மேல திரும்பும். அது அப்பத்தா கை. செல்போன்ல வீடியோ எடுத்து ஃபிரேம் ஃபிரேமா பாத்து அடிச்சேன். மஞ்சள் ஏன்னா அது மஞ்சத்தண்ணி. எபிசோடு சித்திரைத் திருவிழாவுல நடக்குது.

செல்லூர்_டிவிகேம்:
அப்படிப் போடு தம்பி! கோகுவக் காணோமே?

கோரிப்பாளையம்_கோகு:
இங்கதான் இருக்கேன். தம்பி, உன் உழைப்ப நான் குறை சொல்லல. ஆனா இந்த அப்பத்தா கதை மொத எபிசோட்ல ஏன் வரல? வீடியோக்குக் கீழ டிஸ்கிரிப்ஷன்ல ஏன் இல்ல? நான் கமென்ட் போட்டதுக்கு அப்புறந்தான் அப்பத்தா வர்றாங்க. பாயிண்ட் புரியுதா?

பொன்னி_பிக்சல்:
அப்பத்தாவுக்கும் ஆதாரம் கேக்குறீங்களா? ரேஷன் கார்டு போடச் சொல்லவா?

கோரிப்பாளையம்_கோகு:
ஏழாங்கல்லுல ஆடுறவங்க மஞ்சளா மாறுவாங்களா? அதச் சொல்லுங்க போதும்.

பொன்னி_பிக்சல்:
அவன் மெகாமேன பச்சையா மாத்தியிருந்தா மேரியோ தம்பி லூயிஜின்னு சொல்லியிருப்பீங்க. அழகரு பச்சைப் பட்டு கட்டுனாலும் நிண்டெண்டோவுக்கு கிரெடிட் கேப்பீங்க போல.

பழைய_கேசட்:
சாமிய இதுக்குள்ள இழுக்க வேண்டாம்மா.

தம்பி ஒத்தக்கடை, நான் உனக்குத்தான் பேசிக்கிட்டு இருந்தேன். நீ குறுக்க வந்து ஏழாங்கல்லுன்னு சொன்னதும் என் பாயிண்டே அடிபட்டுப் போச்சு. டோரியாமாவுல இருந்துதான் வந்துச்சுன்னு நான் வரிசையா கட்டிக்கிட்டு வந்தேன். உனக்கே தெரியாம உள்ள போயிருக்கும்பா. பாத்தத எல்லாம் மனசு பிடிச்சு வச்சுக்கும்.

ஒத்தக்கடை_ஸ்பிரைட்:
அண்ணே நான் டிராகன் பால் முழுசா பாத்ததில்ல. எங்க வீட்டுல சுட்டி டிவிதான்.

பழைய_கேசட்:
அப்படித்தான் எல்லாரும் சொல்வாய்ங்க.

அமெரிக்கன்காலேஜ்_ஸ்மாஷ்:
சாமுஸ் உள்ளங்கைய வச்சுத்தான் புடிக்கிறாளா? அவ ஒரு கை பீரங்கியாச்சே.

ஒத்தக்கடை_ஸ்பிரைட்:
இடது கை அண்ணே. பீரங்கி வலது கை.

செல்லூர்_டிவிகேம்:
கோகு பங்கு இம்புட்டு கொதிக்கிறதுக்குக் காரணம் வேற. போன வருசம் அவரும் ஒரு தொடர் ஆரம்பிச்சாரு. ரெண்டு எபிசோடு. தம்பி அத ஷேர் பண்ணல. அதான் இந்த ஒரண்டை.

கோரிப்பாளையம்_கோகு:
தேவையில்லாம பேசாத. என் தொடர நிறுத்துனது லேப்டாப் ஹார்ட் டிஸ்க் போனதால. யாரு ஷேர் பண்ணலன்னும் இல்ல. சொல்லப்போனா என் ரெண்டாவது எபிசோட்ல தெப்பக்குளம் வருது. தம்பி தொடர்ல அதுக்கு அப்புறம்தான் தெப்பக்குளம் வருது. நான் அதப் பத்தி ஒரு வார்த்தை பேசியிருப்பேனா?

திருமங்கலம்_ரெண்டாவதுபிளேயர்:
இப்ப பேசிட்டீங்களே.

பொன்னி_பிக்சல்:
தெப்பக்குளத்தையும் யாரும் பாக்காம நீங்கதான் வெட்டுனீங்களா? நாயக்கர் கிரெடிட் கேட்டு வரப்போறாரு.

கோரிப்பாளையம்_கோகு:
சிரிங்க. மேரியோ இசட்ட மறுபடி எடுக்க ஆரம்பிச்சப்ப, அத எடுக்குறவரு ரசிகர்கள்ட்ட காசு திரட்டுன பேட்ரியான் பக்கத்த நிண்டெண்டோ மூட வச்சுச்சு. அப்படி அடிபட்டு நின்ன ஆளு பேர ஒரு வரி போடுறதுல என்ன கொறஞ்சு போயிருது?

அமெரிக்கன்காலேஜ்_ஸ்மாஷ்:
நிண்டெண்டோ செஞ்சது சரிதான். அவங்க கேரக்டர வச்சு காசு வாங்குனா விடுவாங்களா?

பழைய_கேசட்:
சரியா? மெகாமேன் கம்பெனி கேப்காம் என்ன செஞ்சுச்சு? சிங்கப்பூர்க்காரர் ஒருத்தர் மெகாமேனையும் ஸ்ட்ரீட் ஃபைட்டரையும் சேத்து சொந்தமா கேம் பண்ணாரு. கேப்காம் அத 2012ல அவங்க பேர்லயே இலவசமா வெளியிட்டுச்சு. சோனிக் கம்பெனி செகா, ஃபேன் கேம் பண்ணவங்கள கூப்புட்டு 2017ல சோனிக் மேனியா எடுக்க வச்சுச்சு. நிண்டெண்டோக்காரனுக்குத்தான் பெரிய மனசே கிடையாது. நம்ம வீட்டுல ஆடுனதெல்லாம் மீனாட்சி பஜார்ல வாங்குன டூப்ளிகேட் பெட்டி, டூப்ளிகேட் கேசட்டு. "9999 கேம்"னு மேல போட்டுருக்கும், உள்ள போனா அதே மேரியோ, அதே காண்ட்ரா, திரும்பத் திரும்ப. அதுல வளந்தவங்க நாம. ஒரிஜினல் மேரியோவ எவன் கண்ணால பாத்தான் இங்க?

செல்லூர்_டிவிகேம்:
கேசட்டுன்னதும் ஞாபகம் வருது. அண்ணே, எங்க மாமாகிட்ட வாங்கிட்டுப் போன காண்ட்ரா கேசட்ட எப்ப தருவீங்க?

பழைய_கேசட்:
அது உங்க மாமா என்கிட்ட வித்தது.

செல்லூர்_டிவிகேம்:
வித்ததா? லீவு முடியிற வரைக்கும்னு வாங்குனதா மாமா சொல்றாரு.

மேலூர்_மௌனி:
நான் மறுபடி கேக்குறேன், பாதிப்புன்னா...

திருமங்கலம்_ரெண்டாவதுபிளேயர்:
இருங்கண்ணே, கேசட் மேட்டர் முடியட்டும்.

கோரிப்பாளையம்_கோகு:
எங்க சுத்துனாலும் கல்லு ஏழுதான். ஆறு வச்சிருக்கலாம், அஞ்சு வச்சிருக்கலாம். அஞ்சாங்கல்லுன்னும் ஆட்டம் இருக்குல்ல?

ஒத்தக்கடை_ஸ்பிரைட்:
அப்பத்தா ஆடுனது ஏழு அண்ணே. நான் என்ன பண்ண?

மட்டுறுத்துநர்:
தனிப்பட்ட கேசட் விவகாரங்களைத் தனிச்செய்தியில் பேசிக்கொள்ளவும். இழையின் பொருளுக்குத் திரும்புங்கள்.

மேலூர்_மௌனி:
சரி, பொருளுக்கு வர்றேன். நாலாவது எபிசோட்ல பின்னாடி தெரியுற யானைமலை தப்பா இருக்கு. தும்பிக்கை பக்கம் மாறியிருக்கு. படத்த திருப்பிப் போட்டுட்டான்.

ஒத்தக்கடை_ஸ்பிரைட்:
இல்லண்ணே, எங்க வீட்டு மாடியில நின்னு பாத்து அடிச்சது.

மேலூர்_மௌனி:
நாப்பது வருசமா பஸ்ல போறப்ப பாக்குறேன். எனக்குத் தெரியாத யானைமலையா?

செல்லூர்_டிவிகேம்:
மௌனியண்ணே, நீங்க பஸ்ல எந்தப் பக்கத்து சீட்டு?

மேலூர்_மௌனி:
நக்கலா?

பழைய_கேசட்:
யானைமலை விஷயத்துல ரெண்டு பேருமே தப்பு. நாளைக்குக் காலையில வண்டிய எடுத்துட்டுப் போய் போட்டோ எடுத்துப் போடுறேன், அப்பப் பேசுங்க. அதுக்கு முன்னாடி சமணர் குகையில இருந்து ஆரம்பிச்சு கொஞ்சம் எழுத வேண்டியது இருக்கு, பொறுங்க.

திருமங்கலம்_ரெண்டாவதுபிளேயர்:
போற வழியில செல்லூர்ல கேசட்ட இறக்கி விட்டுட்டுப் போங்கண்ணே.